தங்கவயல் ரயிலில் மூன்று பேச்சு

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற காலை ரயிலில் இடம் பிடிப்பது பெரிய பாடு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு எங்கள் ஊருக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான். ஒரு காலத்தில் சங்கு ஊதினால் குழிக்குள் இறங்கிய ஊர், இப்போது விடியுமுன்னே எழுந்து ரயில் பெட்டிக்குள் ஏறுகிறது. கொத்தனார், பெயின்டர், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஆயா, அபார்ட்மெண்டில் தரை துடைக்கிறவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் டேட்டா என்ட்ரி பார்க்கிற பையன், எல்லாருக்கும் ஒரே பெட்டி. போக வர நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் பேச்சுதான்.

பேச்சு என்றால் இன்னது என்று இல்லை. நேற்று வந்த சினிமா, காவிரித் தண்ணி, பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமா வேணாமா, யாருக்கு ஓட்டு, எந்த நடிகன் பெரியவன். படித்தவர்கள் இதற்கு அரட்டை என்று பேர் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்முடைய பத்திரிகைகளிலும் வரலாறு என்று வந்தால் தலைவர்கள் வருகிறார்கள், மாநாடுகள் வருகின்றன, கலவரங்கள் வருகின்றன. ரயிலில் ஜனங்கள் என்ன நினைத்துப் பேசுகிறார்கள் என்பதற்கு வரலாறு இருக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. அந்தப் பெட்டியில் காதில் விழுந்த மூன்று பேச்சுகள் என்னை யோசிக்க வைத்தன.

முதல் பேச்சு 2022-இல். கே.ஜி.எஃப். படத்தின் இரண்டாம் பாகம் வந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் இருந்த செக்யூரிட்டி பையன் கேட்டான்: "இன்னாண்ணே, நம்ம தாத்தனுங்கள எல்லாம் கட்டிப்போட்டு அடிமையா வேல வாங்கனாங்களாமே. நம்ம ஆளுங்களுக்கு ரோஷமே இல்லியா? வெளிய இருந்து ஒரு ஹீரோ வந்துதான் எழுப்பணுமா?"

இரண்டாவது பேச்சு 2023 செப்டம்பரில். காவிரிக்காக பெங்களூரில் பந்த் அறிவித்திருந்த வாரம். பெட்டியில் எல்லாரும் குரலைத் தாழ்த்தித் தமிழ் பேசினார்கள். ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார்: "காவிரிக்கும் நமக்கும் இன்னா சம்பந்தம் சொல்லு. நம்ம ஊர் தண்ணி பாலாத்துத் தண்ணி. யாரோ ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல நம்ம முதுகு ஏன் வீங்கணும்?"

மூன்றாவது பேச்சு ஒரு அம்மா சொன்னது. அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. "எங்க பில்டிங் மாடி பூரா சோலார் போட்டுட்டாங்க தம்பி. சுத்தமான கரண்டாம். பொகை இல்லியாம், அழுக்கு இல்லியாம். அந்தக் கண்ணாடி மேல படியற அழுக்கத் தொடைக்கறது மட்டும் நானு." பெட்டியே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

சினிமா, காவிரி, கரண்ட் என்று மூன்று தனித்தனிச் சங்கதிகளாகத் தெரியும். தங்கவயலின் வரலாற்றைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1

முதலில் அந்தப் பையனின் கேள்வி. படத்தை நானும் பார்த்தேன். நராச்சி என்று ஒரு கற்பனைச் சுரங்கம். 1951-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு ரகசியமாகத் தோண்டப்படுகிறது. சுற்றிலும் மதில், துப்பாக்கி. உள்ளே பெயர் தெரியாத, முகம் தெரியாத, கரி பூசிய கூட்டம். பம்பாயிலிருந்து ஒருவன் வருகிறான், அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறான். கற்பனைக்கதை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், சண்டை போட முடியாது. ஆனால் படத்தின் பெயர் கற்பனைப் பெயர் இல்லையே. எங்கள் ஊரின் பெயர். எங்கள் சயனைடு மேட்டில் கேமராவை வைத்து எடுத்தார்கள். மேடு வேண்டியிருந்தது, மேட்டை உண்டாக்கிய ஆட்கள் வேண்டியிருக்கவில்லை.

யார் அந்த ஆட்கள்? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்த பிறகு, பாறைக்குள் இறங்க ஆள் தேடினார்கள். வடாற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் விரட்ட வந்தவர்கள். பெரும்பாலோர் நம்மவர்கள், ஆதிதிராவிடர்கள். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, சுரங்கத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். இன்று நாங்கள் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிற அதே பாதைதான், ஊரைவிட்டு ஓடிவந்த எங்கள் பாட்டன்மாரையும் ஏற்றிவந்தது.

ஊரில் ஆண்டையின் நிலத்தில் கூலி வாங்காமல் உழைத்தவனுக்கு இங்கே பாறைக்கு அடியில் கூலி கிடைத்தது. கஷ்டம் இல்லாமல் இல்லை. மூங்கில் தட்டியில் கட்டிய வீடு. கீழே போகப்போகச் சூடு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலே அழுத்துகிற பாரம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்கிற நோய் வந்தது. வேலை முடிந்து மேலே வருகிறவன் தங்கம் திருடினானா என்று உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் "ரோஷமே இல்லியா" என்ற கேள்விக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது.

1930 ஏப்ரலில் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக மட்டும் வந்த போராட்டம் என்று நினைக்க வேண்டாம். தொழிலாளர்கள் எல்லாரையும் பதிவு செய்து கைரேகை எடுக்கப்போவதாக வந்த ஏற்பாட்டை எதிர்த்துத்தான் வேலையை நிறுத்தினார்கள். கைரேகை யாரிடம் எடுப்பார்கள்? குற்றவாளியிடம். குற்றப்பரம்பரை என்று சட்டம் போட்டு எத்தனையோ சாதிகளின் ரேகையைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. எங்களைத் திருடன் என்று எழுதி வைக்கிறாயா என்று கேட்டு மூன்று வாரம் குழிக்குள் இறங்காமல் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்து அவர்களை எழுப்பிவிட்ட தலைவர் என்று யாரையும் காட்ட முடியாது. இந்தியாவில் இன்றைக்கு எதற்கெடுத்தாலும் மெஷினில் விரலை வைக்கச் சொல்கிறார்கள், நாமும் வைக்கிறோம். 1930-இல் வைக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் எங்கள் ஊர்ச் சேரி ஜனங்கள். 1946-இல் கம்யூனிஸ்டுகளின் சங்கத்தோடு நின்று மறுபடியும் போராடினார்கள். அந்த வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளர்கள் செத்தார்கள்.

இதை அந்தப் பையனுக்குச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத எவன் படமா எடுப்பான்ணே" என்றான். 2024 ஆகஸ்டில் பா.ரஞ்சித்தின் தங்கலான் வந்தபோது அவனே எனக்கு டிக்கெட் வாங்கினான். வடாற்காட்டு நிலத்திலிருந்து கிளம்பித் தங்கம் தேடிப் போகிறவர்களின் கதை. ரயிலில் அந்தப் படத்துக்கும் பலவிதமாகப் பேச்சு வந்தது. புரியவில்லை என்றார்கள், மாயம் மந்திரம் அதிகம் என்றார்கள், எங்க ஆளுங்கள இம்மாம் பெரிய ஸ்கிரீன்ல பார்த்ததே போதும் என்றார்கள். எனக்கும் படத்தின் மீது விமர்சனம் உண்டு. சுரங்கம் கம்பெனிச் சுரங்கமாக ஆன பிறகு நடந்த 120 வருஷத்துக் கதை இன்னும் படத்துக்கு வரவில்லை. ஆனால் இந்தத் தடவை பெட்டியில் நடந்தது எங்கள் ஊரைப் பற்றி நாங்களே போட்டுக்கொண்ட சண்டை. அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.

2

இனி கரண்ட். இன்று சுத்தமான எரிசக்தி என்று புதிதாகப் பேசுகிறார்கள். தங்கவயலுக்கு அது 1902-லேயே வந்துவிட்டது.

அதற்கு முன்னால் சுரங்கம் நீராவியில் ஓடியது. பாய்லருக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்றுவட்டாரக் காடு அழிந்தது, நிலக்கரி தூரத்திலிருந்து ரயிலில் வரவேண்டும், செலவு தாங்கவில்லை. அப்போது மைசூர் சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது, அந்த வேகத்தில் மின்சாரம் எடுத்துத் தங்கச்சுரங்கத்துக்கு விற்கலாம் என்று திட்டம் போட்டார்கள். ஜாலி டி லோபினியர் என்ற என்ஜினியர் பொறுப்பெடுத்தார், அமெரிக்காவிலிருந்து மெஷின்கள் வந்தன. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது உலகத்துக்கே அன்றைக்கு அதிசயம். 1902 ஜூன் மாதம் கரண்ட் வந்து சேர்ந்தது.

பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905-இல். அதை அந்த நகரத்தார் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே தங்கவயலில் மின்சாரம் ஓடியது. அப்படியானால் நம் ஜனங்கள்தான் முதலில் வெளிச்சம் பார்த்தார்களா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கரண்ட் வந்தது மெஷினுக்கு. பாறை அரைக்கிற மில்லுக்கு, ஆளை இறக்குகிற மோட்டாருக்கு, தண்ணீர் இறைக்கிற பம்புக்கு. அது விளக்காக எரிந்தபோது முதலில் எரிந்தது துரைமார் பங்களாக்களிலும் கிளப்பிலும். தங்கவயலுக்குக் குட்டி இங்கிலாந்து என்று பேர் வந்தது அந்த வெளிச்சத்தில்தான். "கம்பி எங்க தலைக்கு மேல போச்சு, நாங்க சிமினி வெளக்குல பூண்டு உரிச்சிக்கினு இருந்தோம்" என்று எங்கள் ஆயா தன் சின்ன வயசைச் சொல்வாள்.

அந்தக் கரண்ட் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மரத்தை எரிக்காத, கரியை எரிக்காத கரண்ட். குழிக்குள் காற்று அனுப்பும் மெஷினும் அதில்தான் ஓடியது, அதில் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அதே கரண்ட் சுரங்கத்தை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகவும் உதவியது. ஆழம் கூடினால் தங்கம் கூடும், பாறை வெடிப்பும் கூடும். ஆற்றிலிருந்து எடுத்தபோது சுத்தமாக இருந்தது, எங்கள் மார்பு வரைக்கும் வந்து சேரும்போது சிலிகா தூசியாக இருந்தது. மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கிறவர்களுக்கு இந்த 92 மைல் கண்ணில் படுவதில்லை. யாருக்குப் போகிறது, யாருடைய உடம்பு வழியாகப் போகிறது என்று கேட்டால்தான் தெரியும்.

3

அடுத்தது பெரியவரின் சலிப்பு. காவிரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. எங்கள் ஊர் குடித்த தண்ணீர் பாலாற்றுத் தண்ணீர், பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. ஆனால் எங்கள் சுரங்கத்தைச் சுற்றியது காவிரி. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் சிவசமுத்திரத்தில் மின்சாரம் குறையும், சுரங்கத்தில் மெஷின் தடுமாறும். வருஷம் முழுக்க ஒரே சீராக மின்சாரம் தரவேண்டுமென்றால் மேலே ஒரு பெரிய அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பாசனம் ஒரு காரணம் என்றால், சிவசமுத்திரத்து மின்சாரம் இன்னொரு காரணம். தலைமை என்ஜினியர் விஸ்வேஸ்வரய்யா. தஞ்சாவூர் பாசனம் கெடும் என்று சென்னை மாகாணம் எதிர்த்தது. பஞ்சாயத்து நடந்தது, தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு போனது, கடைசியில் 1924-இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. 50 வருஷ ஒப்பந்தம். அது 1974-இல் முடிந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தெரிந்த கதை.

ஆக, இரண்டு மாநிலமும் அடித்துக்கொள்கிற அந்தச் சண்டையின் ஆரம்பத்தில் எங்கள் சுரங்கம் இருக்கிறது. காவிரித் தண்ணீரைத் தங்கமாக மாற்றியவர்கள் தமிழ்ச் சேரி ஜனங்கள். லாபம் லண்டனுக்குப் போனது, ராயல்டி மைசூருக்குப் போனது. தஞ்சாவூர்க் காவிரியில் நிலம் வைத்திருந்தவர்கள் வேறு சாதியார். அங்கேயும் நம்மவர்கள் பண்ணையாட்கள்தான். கீழ்வெண்மணியில் 1968-இல் எரிக்கப்பட்ட 44 பேரும் காவிரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்கள்தான். மைசூர்ப் பக்கம் மண்டியாவில் பாசன நிலம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலும் கதை இதற்குத் தூரமில்லை. அணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் எங்களுடையது என்று கத்துகிறவர்கள் நிலம் உள்ளவர்கள். நிலம் இல்லாதவனுக்குக் காவிரி எந்த மாநிலத்தில் ஓடினால் என்ன?

ஆனால் அடி மட்டும் நமக்கு. 1991 ஜூனில் நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. டிசம்பர் 11-ஆம் தேதி மத்திய அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. அடுத்த நாளிலிருந்து பெங்களூரில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். பெரிய கம்பெனி அதிகாரிக்கும் அக்ரகாரத்துத் தமிழருக்கும் ஆபத்து குறைவு. குடிசையில் இருந்தவன், கட்டட வேலைக்கு வந்தவன், தள்ளுவண்டி வைத்திருந்தவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ்கள் எரிந்தன. எங்கள் ரயிலில் குரல் தாழ்வது அந்த ஞாபகத்தினால்தான்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம பாட்டன் காவிரியில வேல செஞ்சவன்னு சொல்றியா?" என்றார். ஆமாம் தாத்தா, தண்ணியையே பார்க்காம வேல செஞ்சவர் என்றேன். அவர் சிரித்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்? அடிக்கறவன் வரலாறு கேட்டா அடிக்கறான்?" இந்தக் கேள்விக்கு எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை.

4

பதிலைத் தேடி நான் பழைய பத்திரிகைக்குப் போனேன். தங்கவயல்காரர்களுக்குக் கருத்து சொல்லக் கற்றுக்கொடுத்தது சினிமாவும் இல்லை, செல்போனும் இல்லை. அது ஒரு பைசாவுக்கு விற்ற பத்திரிகை.

1907 ஜூன் 19-ஆம் தேதி சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் பெயர் 'தமிழன்' என்று ஆனது. 1914-இல் பண்டிதர் இறக்கும்வரை அவர் கையில் வந்தது. அந்தப் பத்திரிகைக்குத் தங்கவயல் ஒரு பெரிய தாங்குதூண். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. பின்னால் 1926-இல் 'தமிழன்' மறுபடியும் வெளிவந்தபோது தங்கவயலிலிருந்தே வந்தது. ஜி. அப்பாதுரையார் நடத்தினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சுப்போட்டுக் காப்பாற்றி வைத்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்து தமிழ்நாடு அவரை மறுபடி கண்டுபிடித்ததாகப் பேசியபோது, எங்கள் ஊர்க் கிழவர்கள் சிரித்தார்கள். அவர்கள் அவரைத் தொலைக்கவே இல்லை.

அந்தப் பத்திரிகையில் என்ன இருந்தது? பௌத்தமும் இலக்கணமும் மட்டும் இருந்தது என்று நினைத்தால் தப்பு. அன்றாடச் செய்தி இருந்தது. சுதேசி இயக்கத்தைப் பற்றி, பஞ்சத்தைப் பற்றி, விவசாயத்தைப் பற்றி, வைத்தியத்தைப் பற்றி, சர்க்கார் உத்தரவுகளைப் பற்றி எழுதினார்கள். வாசகர்கள் கேள்வி கேட்டார்கள், பண்டிதர் பதில் எழுதினார். ஊரெல்லாம் சுதேசி என்று கூவிக்கொண்டிருந்த காலத்தில், சாதியை வைத்துக்கொண்டு என்ன சுதேசம் என்று கேட்ட பத்திரிகை அது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர் கேட்பது அந்தக் காலத்து வழக்கம். ஷிப்டு முடிந்து வந்தவன் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இங்கிலாந்து பார்லிமெண்டைப் பற்றியும் கருத்துச் சொல்லும் நிலைமை இருந்தது.

ஊரில் டீக்கடைக்கு வெளியே நின்று தனிக் குவளையில் குடித்துக்கொண்டே, உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தவன் வாசிக்கிற செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் போகவேண்டியிருந்த ஜனம் நம்முடையது. கருத்துச் சொல்ல முதலில் உட்கார இடம் வேண்டும். தங்கவயலில் நம்மவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது, உட்கார்ந்து வாசிக்கச் சொந்தப் பத்திரிகையும் இருந்தது. 1930-இல் கைரேகை வைக்க மாட்டேன் என்று சொன்ன வாய் ஒரே நாளில் முளைத்ததா? அதற்கு முன்னாலேயே 20 வருஷத்துக்கு மேல் பத்திரிகை வாசித்துப் பேசிப் பழகிய ஊர் அது. பிற்காலத்தில் ரிபப்ளிகன் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, எம்.ஜி.ஆர். மேல் வைத்த பிரியத்தில் அண்ணா தி.மு.க. என்று மாற்றி மாற்றி கர்நாடகச் சட்டசபைக்கு ஆள் அனுப்பிய ஊர். யோசனை இல்லாத கூட்டம் என்று எங்களை எவன் சொல்வது?

ஒரு குறையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வாசல் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்? மேலே கல் பொறுக்கும் வேலையில் பெண்கள் இருந்தார்கள். தட்டி வீட்டில் தூசியைக் கூட்டியதும், மூச்சு வாங்கிய ஆண்களுக்கு இரவெல்லாம் முதுகு தேய்த்ததும் அவர்கள்தான். அவர்கள் கருத்து எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. எங்கள் ஆயாவின் பூண்டு உரித்த கதைகூட இந்தக் கட்டுரையில்தான் முதல் தடவையாக அச்சேறுகிறது.

5

அதனால்தான் சோலார் பற்றி அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். சுத்தமான கரண்ட்.

சுத்தம் என்ற சொல் நமக்கு எதிராகவே புழங்கிவந்த சொல். சுத்தத்தைக் காரணம் காட்டித்தான் நம்மைத் தள்ளி வைத்தார்கள். ஒரு வீடு சுத்தமாக இருக்கிறது என்றால் அதன் அழுக்கு யாரோ ஒருவரின் கைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். மின்சாரத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்துமா என்று பார்ப்போம்.

எங்கள் மாநிலத்திலேயே தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் 13,000 ஏக்கரில் சோலார் பூங்கா போட்டிருக்கிறார்கள். 2,050 மெகாவாட். 2018-இல் தொடங்கி 2019 முடிவில் முழுதாக ஓடியது. வறண்ட சீமை, மழை பொய்க்கிற இடம். நிலத்தை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருஷத்துக்கு 21,000 ரூபாய் என்று ஆரம்பித்து இடையிடையே கூட்டிக்கொடுக்கிற ஏற்பாடு. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டுவதைவிட இது நல்ல ஏற்பாடு என்று நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குத்தகைப் பணம் யாருக்கு? பட்டா உள்ளவனுக்கு. 50 ஏக்கர் வைத்திருந்தவனுக்கு உட்கார்ந்த இடத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம். அதே நிலத்தில் களை எடுத்து, கடலை பிடுங்கி, ஆடு மேய்த்து வாழ்ந்த நிலமில்லாதவனுக்கு? நிலம் போனபோது அவன் வேலை போனது, அதற்குக் குத்தகைப் பத்திரத்தில் இடம் இல்லை. கிடைத்தால் கண்ணாடிக்கு அடியில் புல் வெட்டுகிற வேலை, தூசி துடைக்கிற வேலை, காவல் வேலை. சூரியன் எல்லாருக்கும் பொது என்று சொல்வார்கள். சூரியன் பொதுதான், அது விழுகிற நிலம் பொது இல்லை.

1902-இல் கம்பி எங்கள் தலைக்கு மேல் போனது. 2019-இல் எங்கள் காலடியில் இருந்த வேலை கண்ணாடிக்கு அடியில் போனது. நடுவில் 117 வருஷம்.

சோலாரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிலக்கரிப் புகையையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் சுவாசிக்கிறவர்களும் ஏழைகள்தான். பருவம் தப்பினால் முதலில் பட்டினி கிடப்பதும் கூலிக்காரன்தான். காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பது நல்லது. நம்முடைய கேள்வி நிலத்தைப் பற்றியது, கூலியைப் பற்றியது. நிலமில்லாதவர்களுக்கு அந்த வருமானத்தில் பங்கு கொடு, ஒப்பந்தத்தில் அவர்கள் பெயரும் வரட்டும், துடைக்கிறவருக்குச் சட்டப்படி கூலியும் பாதுகாப்பும் கொடு. இதைக் கேட்க என்ஜினியர் படிப்பு தேவையில்லை.

எங்கள் ஊரிலும் இந்தக் கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. 120 வருஷமாக அரைத்துக் கொட்டிய மண், 13 மேடுகளாகக் கிடக்கிறது. கோடைக்காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும், சோற்றில் படியும். 3 கோடி டன்னுக்கு மேலான அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்துக்கு 2024-இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. புதிய டெக்னாலஜி, சுத்தமான முறை என்று சொல்வார்கள். எங்கள் பாட்டன்மார் மூச்சைக் கொடுத்து மேலே ஏற்றிய மண் அது. அதில் வருகிற வேலையில், வருமானத்தில் எங்கள் ஜனங்களுக்கு என்ன பங்கு என்று இப்போதே கேட்காவிட்டால், இன்னொரு தடவை கம்பி தலைக்கு மேல் போய்விடும்.

6

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அடிக்கிறவன் வரலாறு கேட்டு அடிப்பதில்லை, அது நிஜம். ஆனால் அடி வாங்குகிறவனுக்கு வரலாறு தெரியாவிட்டால், அடித்தவன் சொல்கிற காரணத்தையே அவனும் நம்பிவிடுகிறான். செக்யூரிட்டி பையன் தன் பாட்டனை ரோஷமில்லாதவன் என்று நம்பினான், ஒரு சினிமா அப்படிச் சொன்னதினால். பெரியவர் காவிரியில் தனக்குச் சம்பந்தமில்லை என்று நம்பினார், நிலமுள்ளவர்கள் மட்டுமே அதைப் பேசியதினால். அபார்ட்மெண்டுக்காரர்கள் அந்த அம்மாவிடம் சுத்தம் என்றார்கள், அந்த அம்மா நம்பவில்லை. கையில் துணி இருந்தது, அழுக்கு எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தார். மூன்று பேரில் சரித்திரம் தெரிந்தவர் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் தோழர்களிடம், மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தலைவர்களின் வரலாற்றை எழுதுங்கள், வேண்டியதுதான். அதோடு உங்கள் ஊர் டீக்கடையில், பஸ்ஸில், ரயிலில் ஜனங்கள் சினிமாவைப் பற்றி, கரண்டைப் பற்றி, சேதியைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்த் தேடுங்கள். 'தமிழன்' பத்திரிகை அன்றைக்குச் செய்தது ஏறக்குறைய இந்த வேலையைத்தான்.

போன வாரம் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். "எழுது தம்பி. அப்டியே ஒண்ணு சேத்து எழுது. மாடியில அவ்ளோ கரண்ட் எடுக்கறாங்க, நாங்க துணி மாத்தற ரூம்ல மூணு மாசமா பல்பு இல்ல" என்றார்.

சேர்த்து எழுதிவிட்டேன்.